‘கூலி’ என்று எழுது, டானிக் கொடு

குடும்ப மருத்துவராகப் பயிற்சி பெற்றுவரும் தம்பி தங்கைகளே, முதலில் வாழ்த்து. மூன்று வருடப் பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது கொஞ்சநஞ்சமல்ல. சர்க்கரையைக் குறைப்பீர்கள், பிரஷரை இறக்குவீர்கள், பிரசவம் பார்ப்பீர்கள், நாய்க்கடிக்கு ஊசி போடுவீர்கள், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அது வாய்வா மாரடைப்பா என்று பிரித்துச் சொல்வீர்கள். ஒன்றை மட்டும் உங்கள் காதில் விழாமல் பெரியவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். நோயாளியைப் பார்த்து, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? அந்த வேலையில கை எதைத் தொடுது, மூக்கு எதை இழுக்குது?” என்று கேட்பது. கேட்டுவிட்டால் வம்பு. பதில் வந்துவிடும்.

பேராசிரியர் முன்னால் கேஸ் சொல்லும் சடங்கு உங்களுக்கு மனப்பாடம். நாற்பத்தைந்து வயது ஆண், தொழில் கூலி, மூன்று மாதமாக இருமல். அந்த ஒரு சொல்லோடு அவருடைய முப்பது வருட உழைப்பு முடிந்தது. இனி இருமலுக்கு வருவோம். சளி உண்டா, என்ன நிறம், ரத்தம் கலந்ததா, படுத்தால் கூடுமா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்குமா என்று சளிக்கு ஜாதகமே கணித்துவிடுவார்கள். எந்தக் கூலி என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வராது. குவாரியில் கம்ப்ரசர் பிடித்துப் பாறையில் துளை போட்டாலும் கூலி. கிரஷரில் ஜல்லி அள்ளினாலும் கூலி. சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கினாலும், மில்லில் பஞ்சு பிரித்தாலும், தோட்டத்துக்கு மருந்து அடித்தாலும், சாக்கடைக்குள் குனிந்தாலும் கூலிதான். இத்தனை சாதியும் இத்தனை மதமும் இத்தனை தொழிலும் உள்ள நாட்டில், பேதமே இல்லாத ஒரே இடம் அரசு மருத்துவமனைக் கேஸ் ஷீட். வந்தவர் மென்பொருள் கம்பெனி மேலாளராக இருந்தால் மட்டும் தொழிலுக்குத் திடீரென மருத்துவ முக்கியத்துவம் வந்துவிடும். “டென்ஷன் அதிகமா சார்? கொஞ்சம் லீவு போட்டு எங்கேயாவது போயிட்டு வாங்களேன்.”

இப்படிக் கேட்கச் சொன்னவர் கொடி பிடித்த புரட்சிக்காரர் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் மோதேனாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்தினோ ரமாசினி 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நோயாளியிடம் கேட்க ஹிப்போகிராட்டஸ் சொல்லிவைத்த கேள்விகளோடு ‘என்ன தொழில்’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். அந்தப் புத்தகம் எழுத அவரைத் தூண்டியது, அவர் வீட்டுக் கழிவறைக் குழியை அள்ள வந்த ஒரு தொழிலாளி. ஏனப்பா இவ்வளவு அவசரமாக அள்ளுகிறாய் என்று கேட்டிருக்கிறார். இதற்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்று அந்த ஆள் நிமிர்ந்து சொல்ல, அவருடைய சிவந்து மங்கிய கண்களை அங்கேயே பார்த்திருக்கிறார் பேராசிரியர். இது நடந்தது 300 வருடங்களுக்கு முன்னால். நாம் அன்றிலிருந்து எவ்வளவோ முன்னேறிவிட்டோம். 2013-ல் மனிதரைக் கழிவுக் குழியில் இறக்கத் தடைச் சட்டம் போட்டோம். 2014-ல் உச்ச நீதிமன்றம், இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. குழி அப்படியே இருக்கிறது, விலைதான் ஏறியிருக்கிறது.

பாடத்திட்டத்திலேயே இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் எதுதான் பாடத்திட்டத்தில் இல்லை? 2019-ல் எம்பிபிஎஸ்ஸுக்கு வந்த புதுப் பாடத்திட்டத்தில், சமூக மருத்துவத் தாளில் தொழில்சார் நலத்துக்கென்று ஐந்து திறன்கள் வரிசையாக இருக்கின்றன. தொழில்நோய் எப்படித் தென்படும், இஎஸ்ஐ எப்படி இயங்கும், எந்தத் தொழிலில் என்ன அபாயம், உடம்புக்கு ஏற்றபடி வேலையை அமைப்பது எப்படி. ஐந்தாவது, டாக்டர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் வரும் தொழில்நோய்கள். டாக்டருக்கு வந்தால் அது தொழில்நோய்தான் என்பதில் நமக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

பிறகு இருக்கவே இருக்கிறது பார்க் எழுதிய அந்தத் தடிப் புத்தகம். மருத்துவக் கல்லூரி விடுதியில் தலையணைக்கு மாற்றாகவும் பயன்படுவது. கரும்புச் சக்கைத் தூசி என்றால் பகாசோசிஸ், பஞ்சுத் தூசி என்றால் பிசினோசிஸ், சிலிக்காத் தூசி என்றால் சிலிக்கோசிஸ், அதற்கு எக்ஸ்ரேயில் பனிப்புயல் தோற்றம். நாலு விடைகளில் ஒன்றை டிக் அடித்தால் மதிப்பெண். பனியைச் சினிமாவில் மட்டும் பார்த்த பிள்ளைகள் பனிப்புயலைத் தப்பாமல் எழுதி முதல் வகுப்பில் தேறுகிறார்கள். மறு வருடம் புதுக்கோட்டைப் பக்கமோ கரூர்ப் பக்கமோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு குவாரியிலிருந்து நேராக வந்து நிற்கும் மனிதரைப் பார்க்கிறார்கள். பனிப்புயலே நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. “பீடி பழக்கம் உண்டா?” என்கிறார் டாக்டர்.

தொழிற்சாலையையே பார்க்காமல் படிப்பு முடிகிறது என்று சொன்னால் அநியாயம். கல்லூரிப் பேருந்தில் கூட்டிப் போவார்கள். ஆவின், குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது ஒரு ஆலை. அன்றைக்குத் தரை கழுவி விடப்பட்டிருக்கும். எல்லோர் மூக்கிலும் மாஸ்க் இருக்கும், விலைச்சீட்டு கிழிக்காமல்கூட. மனிதவள மேலாளர் பாதுகாப்புப் பற்றி உருக்கமாகப் பேசுவார். டீ, பிஸ்கட், குரூப் போட்டோ. தொழிலாளி ஒருவரிடம் தனியாகப் பேச அரை மணி நேரம் ஒதுக்கிய சுற்றுலா எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இனி அந்தக் குவாரிக்காரரின் சீட்டைப் பின்தொடர்வோம். இருமல், இளைப்பு, எடைக் குறைவு. எக்ஸ்ரேயில் நிழல். காசநோய் என்று எழுதி ஆறு மாத மாத்திரை. சளியில் கிருமி இல்லையே என்றால், கிருமி தெரியாத காசநோய். ஆறு மாதம் முடிந்தும் மூச்சு வாங்குகிறதா, இன்னொரு சுற்று. அப்போதும் தீரவில்லையென்றால் மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்குமோ என்று மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இதற்கிடையில் மனிதர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே குவாரிக்குத்தான் போய் வருகிறார், சாப்பிட வேண்டுமே. இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி சுலபமாகக் குடியேறும். அதனால் டாக்டர் எழுதியது முழுப் பொய் ஆகாது. பாதி உண்மை, வசதியான பாதி. காசநோய்க்கு முதலாளி கிடையாது. கிருமியின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது, கிருமி பி.எஃப். கட்டவில்லை என்று கேட்கவும் முடியாது. அரசாங்கமே மாத்திரை தரும், சத்துணவுக்கு மாதாமாதம் பணமும் தரும், அமைச்சர் கையால் பெட்டியும் கிடைக்கும். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் கதையே வேறு. எந்தக் குவாரி, யார் குத்தகை, தண்ணீர் தெளித்துத்தான் துளை போட்டார்களா, எத்தனை வருடம், மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ராஜஸ்தான் அரசு 2019-ல் நுரையீரல் தூசிநோய்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு இன்னும் 2 லட்சம். அந்தப் பாலைவனத்தில் ஒரு டாக்டர் சரியாக எழுதும் ஒரு சொல்லுக்கு 3 லட்சம் மதிப்பு. இங்கே தப்பாக எழுதும் சொல்லுக்கு ஒரு பாட்டில் இருமல் டானிக் மதிப்பு.

எழுதுவது டாக்டரின் விருப்பம் என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-வது பிரிவு, தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கோ செய்தவருக்கோ அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாக ஒரு டாக்டர் கருதினாலே போதும், தாமதமின்றித் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. அட்டவணையில் 29 நோய்கள். ஈயம், பாதரசம், பென்சீன், குரோமியப் புண், சிலிக்கோசிஸ், பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவிடு எல்லாம் உண்டு. அந்தச் சட்டத்தில் தெரிவிக்காத டாக்டருக்கு அபராதம் அதிகபட்சம் 1000 ரூபாயாக இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் டாக்டரை இந்தக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டினாலும் 1000 ரூபாய்தான். இரண்டு குற்றத்துக்கும் அப்போது ஒரே விலை. ஆனால் ஹெல்மெட்டுக்கு சிக்னலுக்கு சிக்னல் ஆள் நிற்கிறார். 89-வது பிரிவில் மாட்டி அபராதம் கட்டிய டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள், மாலை போடலாம். அவருக்காவது அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரிந்திருக்கும். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டப்படி அது பொதுவாகத் தொழிற்சாலையாகவே கருதப்படவில்லை என்பது தனிக் கதை. ஒன்பது பேர் இழுத்த தூசி வெறும் தூசி, பத்தாவது ஆள் வந்த பிறகுதான் அது சட்டத்தின் மூக்கில் ஏறியது.

இந்த வித்தையை யாருக்குமே கற்றுத்தருவதில்லை என்றும் சொல்ல முடியாது. அபாயகரமான தொழிற்சாலையில் மருத்துவ அதிகாரியாகச் சேர வேண்டுமானால் அதற்கென்றே மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். சம்பளம் தொழிற்சாலையிடம் வாங்குகிற டாக்டருக்குத் தொழில்நோய் தெரியும். தொழிலாளியிடம் நூறு ரூபாய் பீஸ் வாங்குகிற டாக்டருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்ல மாட்டார், சொல்லக்கூடியவருக்குத் தெரியாது. பூட்டை ஒருவரிடமும் சாவியை இன்னொருவரிடமும் கொடுத்து இருவரையும் வேறு வேறு ஊரில் குடிவைத்த கெட்டிக்காரத்தனம்.

தெரிந்தவர் சொல்ல முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சரித்திரம் இருக்கிறது. மினமாட்டாவில் சிஸ்ஸோ கம்பெனி மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகாவா ஹாஜிமே. காரணம் புரியாத நரம்புநோய் பரவுவதை 1956 மே மாதம் அரசுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தது அவருடைய மருத்துவமனைதான். அவர் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். 1959-ல் ஆலைக் கழிவுநீரைத் தீனியில் கலந்து கொடுத்த 400-ம் எண் பூனைக்கு அதே வலிப்பு, அதே தள்ளாட்டம். கம்பெனி சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவை மூடி வைத்தது. பாதரசக் கழிவு 1968 வரை கடலில் கலந்தது. 1970-ல், நோய்ப்படுக்கையில் கிடந்தபடிதான் ஹோசோகாவா அந்தப் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். மினமாட்டாவில் ஒரு டாக்டரின் வாயை அடைக்க ஒரு பெரிய கம்பெனி மெனக்கெட வேண்டியிருந்தது. நம்மூரில் அந்தச் செலவை மருத்துவக் கல்வியே ஏற்றுக்கொண்டுவிட்டது.

பாதரசம் என்றதும் கொடைக்கானல் ஞாபகம் வர வேண்டும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போய், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமான பின் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016-ல். அதுவும் மனிதாபிமானத்தால் என்றுதான் சொன்னார்கள், உடல்நலக் கேட்டை ஒப்புக்கொண்டு அல்ல. காய்ச்சல் பார்க்கும் கருவி செய்தவர்களுக்கு என்ன காய்ச்சல் என்று பார்க்கப் பதினைந்து வருடம். பாதரசம் ஏறிய உடம்பு என்ன செய்யும்? கை நடுங்கும். ஈறு வீங்கும். சிறுநீரில் புரதம் போகும். சாதுவான ஆள் சிடுசிடுவென்று விழுவார். இந்த நாலையும் எடுத்துக்கொண்டு நாலு நிபுணர்களிடம் போனால் நரம்புக்கு ஒரு சீட்டு, பல்லுக்கு ஒன்று, கிட்னிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. நாலு பில். நாலையும் ஒரே மேசையில் ஒரே ஆளிடம் பார்க்கக்கூடியவர் குடும்ப மருத்துவர் ஒருவர்தான். அதனால்தான் அவருக்கு மட்டும் இது தெரிந்துவிடக் கூடாது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. காசர்கோடு மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் பறந்து எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தது. அங்கே ஒரு கிராமத்து கிளினிக்கில் உட்கார்ந்து சளி காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் டாக்டர் மோகன் குமார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் கிடையாது, நிதி கிடையாது. தன்னிடம் வருகிற வீடுகளில் இத்தனை மனநலக் கோளாறு, இத்தனை பிறவிக் குறை, இத்தனை புற்றுநோய் ஏன் என்று சும்மா இருக்க முடியாமல் யோசித்து, 1990-களில் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே நாடு முழுக்கத் தடை செய்தது. ஒரு பொது மருத்துவர் குடும்பங்களைக் குடும்பங்களாகப் பார்த்தால் இவ்வளவு தூரம் போகும். பயிற்சியில் இதை மாதிரியாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் மாதிரிக்கு நாம் காட்டுவது, மெயின் ரோட்டில் மூன்று மாடி கட்டிய டாக்டரை.

நம் அறிவுரைக் கொத்து ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஜவுளிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு பத்துவரை நிற்கும் பெண்ணுக்குக் காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருக்கிறது. “ரொம்ப நேரம் நிக்காதம்மா.” விற்பனைப் பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். எத்தனை டாக்டர்கள் இத்தனை ஆயிரம் காலைப் பார்த்தார்கள், ஒருவராவது அந்த ஸ்டூலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாரா? உப்பளத்துக்காரரிடம், “வெயில்ல போகாதீங்க.” சுமை தூக்குபவரிடம், “கனமானதைத் தூக்காதீங்க.” பள்ளிபாளையம் தறிக்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குக் காது கேட்காது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது எல்லை, தறிக்கூடத்தின் வாசலில் நின்றாலே பேச்சு காதில் விழாது. அவர் ஐம்பது வயதில் செவிடானதற்கு டாக்டர் எழுதும் காரணம், வயசு. எண்ணூர்க் குழந்தைக்கு ஆஸ்துமா என்றால் தாயிடம், “தூசி புகை இல்லாத இடத்துல வெச்சுப் பாத்துக்கோங்க.” அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் சூழ்ந்த ஊரில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சீட்டில் வரைபடம் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சு முட்டி ரோட்டுக்கு ஓடினார்களே, அவர்களும் இதே அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

போபாலைச் சொல்லாமல் விட முடியாது. 1984 டிசம்பர் இரவில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களைப் பார்த்த ஹமீதியா மருத்துவமனை டாக்டர்களுக்கு எந்த விஷவாயு என்றே தெரியாது. கம்பெனித் தரப்பிலிருந்து வந்த பதில், கண்ணீர்ப்புகை மாதிரிதான், தண்ணீரால் கழுவுங்கள் என்பது. நாற்பது வருடம் கடந்துவிட்டது. உங்கள் கிளினிக்கிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலையில் எந்த ரசாயனத்தை எவ்வளவு தேக்கி வைத்திருக்கிறார்கள் என்று உங்களில் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் எந்த ஓட்டலில் பிரியாணி நன்றாக இருக்கும் என்பது தெரியும். அதுவும் அவசியம்தான்.

பிரியாணி என்றதும் உண்மைக் காரணத்துக்கு வருகிறோம். டாக்டர்களுக்குத் தொடர் கல்வி எங்கே நடக்கிறது? நட்சத்திர ஓட்டலில். புது சர்க்கரை மாத்திரை, புது கொலஸ்ட்ரால் மாத்திரை, பிறகு பஃபே. சிலிக்கோசிஸுக்கு யார் பஃபே போடுவார்கள்? அதைக் குணப்படுத்த மாத்திரையே கிடையாது. அதற்கு மருந்து தூசியை அடக்குவது, தண்ணீர் தெளிப்பது, ஆளை வேறு வேலைக்கு மாற்றுவது. தண்ணீர் விற்கும் ரெப் யாராவது பை மாட்டிக்கொண்டு உங்கள் கிளினிக் வாசலில் காத்திருக்கிறாரா? மருந்து இல்லாத நோய், நம் மருத்துவத்தில் நோயாகவே சேராது. பாதிப் பழியைக் கம்பெனிகள் மேல் போடலாம். மீதி, அந்த பஃபேயில் தட்டேந்தி வரிசையில் நிற்பவர்கள் மேல்.

அறியாமையைக்கூட விளம்பரமாக்கிய சமூகம் இது. தங்க நகையைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த காலத்தில், ‘கேடிஎம் நகை’ என்று கடைக்குக் கடை போர்டு வைத்தோம். அந்தக் கேடிஎம், காட்மியம்தான். உலைக்கு முன் உட்கார்ந்து ஊதிய பத்தர்களின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும் புகை. உடல்நலக் கேடு என்று தர நிர்ணய அமைப்பு அதைத் தடை செய்த பிறகும் ஜனங்கள், “கேடிஎம்மா?” என்று சுத்தத்தின் அடையாளமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பத்தர் இருமினார். புகையிலைப் பழக்கம் என்று எழுதியிருப்பார்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். ஒரு காலையில் நூற்றைம்பது சீட்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் மில் தொழிலாளியிடம், “நெஞ்சு இறுக்கம் லீவு முடிஞ்சு போற முதல் நாள் அதிகமா இருக்கா?” என்று கேட்கப் பத்து வினாடி ஆகும். ஆமாம் என்றால் பிசினோசிஸ் கதவைத் தட்டுகிறது. ராணிப்பேட்டையில், மூடிப்போன குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் கொட்டிவிட்டுப் போன ஊரில், குரோமியத்தில் வேலை பார்த்தவரின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடுத் தடுப்பில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். முன்பு என்ன வேலை பார்த்தார், கூட வேலை செய்பவர்களுக்கும் இப்படி இருக்கிறதா, லீவு நாளில் குறைகிறதா, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன ஓடுகிறது. நாலே கேள்விகள். 1919-ல் ஹார்வர்டில் முதல் பெண் பேராசிரியராகச் சேர்ந்த அலிஸ் ஹாமில்டன், அதற்கு முன்னால் ஈய ஆலைகளுக்குள்ளும் தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் நடந்து நடந்துதான் இந்தக் கேள்விகளைக் கேட்டார். பேராசிரியர் கிளப்புக்குள் வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளோடு அவரை வேலைக்கு எடுத்தது அந்தப் பல்கலைக்கழகம். அவர் அறிவு மட்டும் வேண்டியிருந்தது.

பயிற்சி தருபவர்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் ஒன்றுமில்லை. மூன்று வருடத்தில் இரண்டு வாரம். கேமராவும் மனிதவள மேலாளரும் இல்லாமல், பயிற்சி டாக்டர் ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியோடு டீக்கடையில் உட்காரட்டும். தறிக்கூடத்துக்குள் ஒரு மணி நேரம் நிற்கட்டும். அறிவிக்க வேண்டிய நோய்க்கான படிவத்தை ஒரு தடவையாவது கையால் நிரப்பி, ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கட்டும். பரீட்சையில் பனிப்புயலுக்குப் பதில் அந்த ரசீதைக் காட்டச் சொல்லட்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. நல்ல காரியம், அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். வாசல் வரை வருகிறவர்கள் பக்கத்துப் பட்டறைக்குள்ளும் தலையை நீட்டிப் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன். செய்வார்களா? குவாரி யாருடையது, சாயப்பட்டறை யாருடையது, மருத்துவக் கல்லூரி யாருடையது என்று மூன்று பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், கை எதைத் தொடுகிறது, வீட்டுப் பக்கம் எந்தப் புகை வருகிறது. ‘கூலி’ என்று எழுதினால், “சார், கிரஷர்னு எழுதுங்க” என்று சொல்லுங்கள். தேதியோடு எழுதி வாங்கி, அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் நஷ்டஈடு கேட்டுப் போகிற இடத்தில் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒரு காகிதத்தைத்தான்.